இரண்டு வருடம் கேட்ட வருடம்

1

மை காய்வதற்கு முன் தாளிலிருந்து ஒரு வாசனை எழும். மண்ணெண்ணெய் பாதி, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி பாதி. நேற்றுக் காலை, கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கியபோது, உள்ளே அடைந்து கிடந்த அந்த வாசனை என்னை இடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

சிவகாசியில் பிறந்தவனுக்கு அது வீட்டு வாசனை. எங்கள் தெருவில் சாம்பாரும் காலண்டரும் ஒரே சன்னல் வழியாகத்தான் மணக்கும். அந்த மை மூக்கில் ஏறியதும் நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பது ஒரு கணம் மறந்துபோகும். பிறகு தெருவில் ஒரு பஸ்காரர் இன்னொரு பஸ்காரரைச் சிங்களத்தில் வாழ்த்துவார். நாடு திரும்பிவிடும்.

மேசை நிறைய நோட்டீஸ்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் வெளியாகி, பெயர் வராத பிள்ளைகள் வேறு வழி தேடும் மாதம் இது. கொழும்பு அச்சகங்களுக்கு இதுதான் தீபாவளி. ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் ஒரு நோட்டீஸ். ஒவ்வொரு நோட்டீஸிலும் கறுப்புத் தொப்பி போட்டுச் சிரிக்கும் அதே பெண். அவளை எனக்கு ஆறேழு வருடமாகத் தெரியும். நான் பார்க்க அவள் கணக்கியல் முடித்தாள், தாதியியல் முடித்தாள், விமானப் பொறியியல்கூட முடித்தாள். வயது மட்டும் ஏறவில்லை.

'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்று சொல்லும் முதலாளி ஜவ்பர் நானா மாளிகாவத்தை வீட்டிலிருந்து பிளேன்டீயோடு வந்தார்.

"தம்பி, போன வருஷம் இந்த சீசன்லதானே நீ லீவு கேட்டே? மெஷின் ரெண்டும் ஓடிட்டீக்கு, நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்னு நிண்டே."

"ஆமா நானா."

"அழுதிட்டு வந்தே."

"இல்ல நானா. அது வெயிலு."

"ஓ, வெயில்!" என்றார் நானா. "அண்டைக்கு மழை."

ஒரு வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் இதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதுகிறேன். "பிள்ளை என்ன படிக்கிறாள், ஏன் இங்கே கொண்டுவந்து சேர்க்கவில்லை" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்.

2

இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆஃப்செட் இயந்திரம் ஓட்டக் கொழும்புக்கு வந்தவன் நான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இடையில் வெள்ளவத்தையில் வதனியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், ஒப்பந்தம் மாறிப்போனது. வதனி பாமன்கடையில் ஒரு மழலையர் பள்ளியில் படிப்பிக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், ஆரணி.

எனக்கு இந்திய பாஸ்போர்ட். மனைவி இங்கே என்பதால் விசா கிடைக்கிறது. அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு வருடத்துக்கும் கேட்கலாம், இரண்டு வருடத்துக்கும் கேட்கலாம். நான் எப்போதும் ஒரு வருடம்தான் கேட்பேன். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிடப் போகிறவனுக்கு இரண்டாவது வருடம் எதற்கு?

இதே காரணத்தால்தான் ஆரணி பிறந்தபோது இந்தியத் தூதரகத்தில் செய்திருக்க வேண்டிய பதிவைச் செய்யவில்லை. ஊருக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இதே காரணத்தால்தான் சிங்களமும் படிக்கவில்லை. போகப்போகிற ஊரின் மொழி எதற்கு? அச்சகத்தில் தமிழ், வீட்டில் தமிழ், காய்கறிக் கடையில் விரல். அரசாங்க அலுவலகம் என்றால் ஆரணி. ஒன்பது வயதிலிருந்து அவள்தான் என் வாய். கவுண்டருக்கு முன்னால் என் சட்டையை இழுத்துச் சொல்வாள்: "அப்பா, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. நான் கதைக்கிறன்."

கதைக்கிறாள். என் மகள் பேச மாட்டாள், கதைப்பாள். "ஆமா" சொல்ல மாட்டாள், "ஓம்" என்பாள். என் அம்மா ஒருமுறை தொலைபேசியில் அவளோடு பேசிவிட்டு, "புள்ள மந்திரம் மாதிரி ஓம் ஓம்ங்குதே, கோயிலுக்கு விட்டுட்டியா?" என்று கேட்டாள்.

3

ஊர்க்காரர்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். இங்கே பல்கலைக்கழகம் இலவசம். நன்கொடை இல்லை, சீட்டுக்கு விலை இல்லை. ஆனால் வாசல் ஒடுக்கம். நம்மூர் பிளஸ் டூ போன்ற உயர்தரப் பரீட்சையின் புள்ளியை மாவட்டவாரியாகப் பார்ப்பார்கள். கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி என்கிற கட்-ஆஃப் உயரத்தில் நிற்கும். படிப்புகளை விருப்ப வரிசைப்படி எழுதி அனுப்ப வேண்டும். வரிசையில் மேலிருந்து எது முதலில் உங்கள் புள்ளிக்கு எட்டுகிறதோ அதுதான் கிடைக்கும். கிடைத்த பிறகு, எனக்கு இதற்குக் கீழே உள்ளதைத் தாருங்கள் என்று கேட்க முடியாது.

ஆரணி கணிதப் பிரிவு. தேறியிருந்தாள், ஆனால் பொறியியலுக்கு எட்டாது என்பது புள்ளியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தும் அந்த வரிசையை எழுதும் மாலை எங்கள் தொடர்மாடியில் ஒரு விசேஷம் போல நடந்தது. மேல்வீட்டு ரஞ்சி அக்கா ஒரு தட்டு ரோல்ஸோடு இறங்கி வந்தார். கடற்பக்கத்து ரயில் போகும்போதெல்லாம் பேச்சு நின்று, பிறகு கூடுதல் சத்தத்தோடு தொடர்ந்தது.

"இஞ்சினியரிங்கை முதல்ல போடு பிள்ளை," என்றார் ரஞ்சி அக்கா.

"வராது, அன்ரி."

"வராட்டி என்ன? போட்டனாங்கள் எண்டு சொல்லலாம்தானே!"

"அதுக்குக் கீழ கட்டட அளவையியல்," என்றாள் வதனி. "பிறகு கம்பியூட்டர். அதுவும் கொழும்புக்குக் கிட்ட உள்ளதாப் போடு. தூர இடம் ஒண்டும் வேண்டாம்."

நானும் என் பங்குக்கு ஒன்றிரண்டு சொன்னேன். ஆரணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே மடிக்கணினியில் தட்டினாள். ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. ரோல்ஸ் சூடாக இருந்தது. மறுநாள் அவள் எடுத்துத் தந்த அச்சுப்படியை உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியது நான்தான். நாள் முழுவதும் புரூஃப் பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகையில் விழாத ஒற்றெழுத்துக்காக இயந்திரத்தை நிறுத்துகிறவன். என் மகளின் வாழ்க்கை அச்சான அந்தத் தாளில் ஒரு வரிகூட வாசிக்காமல் ஒட்டினேன்.

ஏன் வாசிக்கவில்லை? என் மனதில் வேறொரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு வரி.

4

அந்த வரி: ஊர்.

சிவகாசியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆரணி அங்கே படிப்பாள். அவளுக்குத் துணையாக நானும் போவேன். வதனி விடுமுறைக்கு வருவாள். பிறகு மெல்ல மெல்ல அவளும் தங்கிவிடுவாள். யாரிடமும் சொல்லாத திட்டம். மகளை ஒரு டிக்கெட்டாக வைத்துக்கொண்டு நான் வீடு திரும்பப் பார்த்தேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

தம்பி முருகேசனை அழைத்தேன்.

"அண்ணே, சீட்டு ரெடிண்ணே. கரஸ்பான்டன்ட் நமக்குத் தெரிஞ்சவருதான். ஒரே ஒரு சிக்கல்."

"என்னடா?"

"புள்ளைக்கு இலங்கை பாஸ்போர்ட்டாம்ல? ஃபாரின் ஸ்டூடண்ட்டுங்குறாங்க. ஃபீஸு டாலர்ல கட்டணுமாம்."

"டேய், அவ என் மகடா! நம்ம தெருடா!"

"நான் சொல்லாமலா இருப்பேன்? ஆபீஸ்ல அந்தப் பொம்பள, 'சார், தெரு எங்க சிஸ்டத்துல இல்ல'ங்குது."

சிரித்தேன். சிரித்து முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொழும்பில் நான் வெளிநாட்டுக்காரன். சிவகாசியில் என் மகள் வெளிநாட்டுக்காரி. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு நாடு வேண்டுமென்றால் பாக்குநீரிணையின் நடுவில் ஒரு படகு கட்டி உட்கார வேண்டியதுதான்.

ஆனாலும் விடவில்லை. ஊர் வீட்டில் எனக்கு ஒரு பங்கு இருந்தது. அதை முருகேசனிடமே கொடுத்துவிட்டு முதல் வருடத்தைக் கட்டலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். திரும்பிப் போவதற்காக, திரும்பிப் போய் இருக்கவேண்டிய வீட்டை விற்கிறேன். இதில் உள்ள கோணல் அன்று எனக்குக் கண்ணில் படவேயில்லை.

வதனியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளையைக் கேட்டனீங்களே?"

"கேக்கணும்."

"கேளுங்கோ," என்றாள். "எனக்கெண்டால் அவள் பம்பலப்பிட்டியிலயே ஒரு தனியார் கம்பஸில படிக்கட்டும். என்ர நகையை வைப்பம். பின்னேரம் வீட்டை வந்திடுவாள்."

ஆளுக்கொரு கடிவாளம் வைத்திருந்தோம். குதிரையைத்தான் கேட்கவில்லை.

5

பட்டியல் வந்த அன்று ஆரணியின் தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. அவள் அதை வாசித்துவிட்டுச் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எனக்குக் கிடைச்சிட்டுது. முதல் தெரிவே கிடைச்சிட்டுது."

ரஞ்சி அக்கா எப்படி அதைக் கேட்டாரோ, இரண்டு நிமிடத்தில் படியிறங்கி வந்தார். "இஞ்சினியரிங்கோ! நான் சொன்னனான்தானே, போடு போடு எண்டு!"

"இல்லை அன்ரி. மொழிபெயர்ப்பு."

ரயில் ஒன்று போனது. அது போன பிறகு ரஞ்சி அக்கா மறுபடி கேட்டார்: "என்ன பெயர்ப்பு?"

எல்லாம் மெல்ல வெளிவந்தது. எங்கள் வரிசையை அப்படியே தட்டச்சுச் செய்திருக்கிறாள், இரண்டாவது இடத்திலிருந்து. முதல் இடத்தில் தன்னுடையது: மொழிபெயர்ப்புக் கற்கைகள், சிங்களம் தமிழ் ஆங்கிலம் மூன்றிலும். எந்தப் பிரிவில் படித்தவர்களும் கேட்கலாமாம். தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டுமாம். கிருலப்பனையில் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போன ஒரு சனிக்கிழமையில் அதையும் எழுதிவிட்டிருக்கிறாள். பல்கலைக்கழகம் பலாங்கொடை தாண்டி, மலைப்பக்கம். தமிழ்க் கடை ஒன்றுகூட இருக்குமோ தெரியாத இடம்.

"எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லயே!" வதனியின் குரல் உடைந்தது.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களே, அம்மா?"

"அதப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" இது நான்.

ஆரணி என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் கேட்கிற கேள்வியா இது?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எனக்கு ஊர்த்தமிழ் கூடிவிடும், வேகமாகப் பேசினேன். சிவகாசி, கல்லூரி, டாலர், வீட்டுப் பங்கு எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"அங்க போறது ஆருக்கு விருப்பம்? எனக்கோ, உங்களுக்கோ?"

அதன் பிறகு வீட்டில் இரண்டு நாள் பாத்திரங்கள் மட்டும் பேசின. படியில் மட்டும் கொண்டாட்டம் ஓயவில்லை. ரஞ்சி அக்கா தொடர்மாடி முழுக்கச் சொல்லிவிட்டார்: "எங்கட பில்டிங்கில முதல் தெரிவு கிடைச்ச ஒரே பிள்ளை. மற்றப் பிள்ளையளுக்கெல்லாம் ஒன்பதாவது, பன்னிரண்டாவது!" எதில் முதல் தெரிவு என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்கள் படியில் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் நன்றி சொன்னேன்.

6

அந்த வியாழக்கிழமை என் விசா நாள். சண்டை சண்டைதான், விசா விசாதான். ஆரணி வந்தாள். பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

குடிவரவு அலுவலகத்தில் எங்கள் இலக்கம் வர நேரம் இருந்தது. பக்கத்தில் மலைநாட்டு மஸ்கெலியாவிலிருந்து வந்த ஓர் அம்மா, மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க. கையில் ஒரு தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து முழுவதும் சிங்களம். மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஆரணி எட்டிப் பார்த்தாள். "அம்மா, இதில பிறப்புச் சான்றிதழின்ர மூலப்பிரதி கேக்கினம். கொப்பி போதாதாம். வச்சிருக்கிறீங்களே?"

"இருக்குதம்மா! பைக்குள்ளயே இருக்குது! இத ஒருத்தரும் சொல்லலியே. நாங்க விடிய நாலு மணிக்குப் பஸ் ஏறுன ஆளுங்க."

பையிலிருந்து பிளாஸ்டிக் உறை வெளியே வந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசையிலிருந்து ஒருவர் தன் தாளை நீட்டினார். பிறகு ஒரு முதியவர். நிமிர்ந்து பார்த்த கவுண்டர் அலுவலர் ஒரு பெண், அவர் அதட்டவில்லை. "நங்கி, மெயாடத் கியலா தென்ன," என்று இன்னொருவரைக் கைகாட்டினார். தங்கச்சி, இவருக்கும் சொல்லிக் கொடு.

மஸ்கெலியா அம்மா கிளம்பும்போது ஒரு பிஸ்கட் பக்கெட்டை ஆரணியின் கையில் திணித்தார். "இங்கயா புள்ள வேல பாக்குற?"

"இல்லையம்மா," என்றாள் ஆரணி. என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இனித்தான் படிக்கப் போறன்."

அதில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்ட என் வாயில் அப்போது ஆரணி கொடுத்த பிஸ்கட் இருந்தது. ஒன்பது வயதில் இதே மண்டபத்தில் கவுண்டர் எட்டாமல் நுனிக்காலில் நின்று என்னை மொழிபெயர்த்தவள். அவளுக்குத் தொழிலைத் தேடி நாங்கள் நோட்டீஸ் நோட்டீஸாகப் புரட்டினோம். அந்தத் தொழிலை நானே அவளுக்குப் பத்து வருடம் முன்பு, வாயைத் திறக்காமல் இருந்து, கொடுத்துவிட்டிருந்தேன்.

எங்கள் இலக்கம் வந்தது. அலுவலர் கோப்பைப் புரட்டி, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எக்கத, தெக்கத?" ஒன்றா, இரண்டா.

ஆரணி வழக்கம் போல என்னைக் கேட்காமலே ஒன்று என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ரெண்டுன்னு சொல்லும்மா."

அவள் திரும்பினாள். "என்ன?"

"ரெண்டு வருஷம். இங்கதான் இருக்கப்போறேன்னு சொல்லு."

என் மகள் எத்தனையோ பேருடைய எத்தனையோ வார்த்தைகளைத் தடங்கல் இல்லாமல் கடத்தியவள். இந்த ஒன்றைச் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அலுவலர் பேனாவைத் தூக்கிக் காத்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்ச பிஸ்கட்டைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்ததும் முருகேசனை அழைத்தேன்.

"முருகேசா, சீட்டு வேணாம்டா. வீட்டுப் பங்கு அப்படியே கிடக்கட்டும்."

"அப்ப நீ வரமாட்டியாண்ணே?"

"வருவேன்டா. லீவுக்கு."

7

பணம் என்ன ஆயிற்று என்று ஊரில் கேட்பீர்கள். கட்டணம் இல்லை. விடுதிக்கு மிகச் சிறிய தொகை. மாதம் ஓர் அரசாங்க உதவிப்பணம். அது சாப்பாட்டில் பாதிக்குக் காணும். மற்றப் பாதிக்கு நான் இருக்கிறேன் என்றேன். "பொறு," என்றார் ஜவ்பர் நானா.

ஆங்கில நோட்டீஸ்களை அதுவரை யாரோ தொலைபேசிச் செயலியில் போட்டுத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் வந்த ஒன்றில், 'எங்கள் மாணவர்கள் பட்டத்துடன் உடனடியாக வெளியேற்றப்படுகிறார்கள்' என்று இருந்தது. ஆரணி அதைப் பார்த்துச் சிரித்தாள்; நின்ற நிலையிலேயே திருத்திக் கொடுத்தாள். அன்றிலிருந்து அச்சகத்தின் தமிழும் சிங்களமும் அவளுடையவை. விடுதியிலிருந்து எழுதி அனுப்புகிறாள். நானா தாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார். தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்த்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை இந்தத் தீவில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நேற்று நானா ஒரு நோட்டீஸைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

"ஒன்ட மகள்ட தமிழ் ஈக்கே, வாசிச்சா எனக்கே போய்ச் சேரணும் போல ஈக்கு!"

வதனியின் நகை அவள் கழுத்திலேயே இருக்கிறது. பின்னேரங்களில் மட்டும் கதவுப் பக்கம் பார்ப்பாள். பிறகு எழுந்து, மலைப்பக்கத்தில் மழையா என்று தொலைபேசியில் பார்ப்பாள்.

8

போன வருடம் அந்த நாள். கொழும்புக் கோட்டைக்குப் பக்கத்துப் பஸ் நிலையம். தூறல். ஒரு பெட்டி, ஒரு வாளி, வாளிக்குள் தலையணை. பிள்ளையை விடுதிக்குள் கொண்டுபோய் விட வேண்டும் என்று வதனி தானும் ஏறி, சன்னல் பக்கத்தை மகளுக்குக் கொடுத்து, மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு அரைநாள்தான் லீவு.

நடத்துநர் ஓர் இளைஞர்; கதவில் தொங்கியபடி பலாங்கொடை, பலாங்கொடை என்று கூவிக்கொண்டிருந்தார். நான் அவர் அருகில் போனேன். மூன்று நாளாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த சிங்கள வரியை எடுத்துவிட்டேன்.

"மல்லி," என்றேன். தம்பி. "மகே துவ. பலாகன்ன." என் மகள். பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரித்து, "ஹரி, அய்யே!" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சரி, அண்ணா.

சன்னலில் ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறையச் சிரிப்பு. அல்லது நனைந்த கண்ணாடி. பஸ் உறுமி நகர்ந்தது. நான் கூடவே நாலடி நடந்தேன்.

"விசாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கும்மா!" என்று கத்தினேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அவள் சன்னலை முழுவதும் தள்ளித் திறந்து, தலையை வெளியே நீட்டி, தூறலுக்கும் எஞ்சினுக்கும் மேலாகக் கத்தினாள்:

"அதுக்குள்ள நீங்கள் வாயைத் திறந்து பழகுங்கோ, அப்பா!"